ஆயுத பூஜையன்று இரவல் டிரில்லோடு

1. ஐந்து விநாடி

"சித்தப்பா, கம்ப்யூட்டர் ஆன் ஆவுது, ஒடனே செத்துப் போவுது. ரெண்டு மணிக்கு எக்ஸாமு. என்ன செய்யன்னே தெரியல" என்றாள் மகேஸ்வரி போனில்.

அப்போது காலை பதினொன்று பத்து. வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பொரிகடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவன் கம்ப்யூட்டரையும் தொடாமல் நான் இருக்கும் நாள் வருஷத்துக்கு ஒன்றுதான். அது ஆயுத பூஜை. அந்த ஒரு நாளுக்கும் வந்தது வினை.

நான் தாராவியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் "எப்படிண்ணே இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சீங்க?" என்று கேட்பார்கள். கத்திக் கத்தித்தான் என்று சொல்வேன். நான் கத்துவதில் பேர் போனவன். எங்கள் சந்தில் எனக்கு 'இடி முத்து' என்று ஒரு பட்டப் பெயரே உண்டு.

கத்தாமல் என்ன செய்வது? போகிற வீட்டிலெல்லாம் ஒரே பாட்டு. "ஒண்ணுமே பண்ணல, தானா நின்னுபோச்சு." கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாமா, பாலக்காட்டுக்காரர், ரிட்டயர்டு ஆபீசர். கீபோர்டு வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலையாக்கும். அதுவா நின்னுடுத்து" என்றார். கவிழ்த்துத் தட்டினால் உள்ளேயிருந்து கறிவேப்பிலை விழுகிறது. "மாமா, பெருங்காய வாசனை அடிக்குதே" என்றேன். "அப்படியா? எனக்கு ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்களோடு காலம் தள்ளினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் நான் சொல்ல வந்தது மாமா கதை அல்ல. மகேஸ்வரி கதை.

மகேஸ்வரி எங்கள் சந்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆறுமுகம் அண்ணாச்சியின் மருமகள். கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணிப்படி. புருஷன் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவள் செம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். நாலு வருஷமாக டெம்பரரி. லீவு போட்டால் சம்பளம் இல்லை, கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை, ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். இப்போதுதான் ஒரே ஒரு பெர்மனன்ட் போஸ்ட் போட்டிருந்தார்கள். அதற்கு ஆன்லைன் எக்ஸாம். அதுதான் அன்றைக்கு இரண்டு மணிக்கு.

ஆயுத பூஜையன்று எக்ஸாம் வைப்பானா என்று கேட்காதீர்கள். நமக்குத்தான் அது ஆயுத பூஜை. ஆபீஸ்காரனுக்கு அது ஒரு வேலை நாள்.

மொபைலில் எழுத முடியாது. இரண்டு நாள் முன்பே வீட்டுக் கம்ப்யூட்டரில் 'சிஸ்டம் செக்' செய்து, அந்த மிஷினைத்தான் பதிவு செய்திருந்தார்கள். அதே மிஷின், அதே கேமரா, அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. சைபர் கஃபேக்குப் போகிற பேச்சே கிடையாது. அந்த டப்பா ஓடினால் எக்ஸாம், ஓடாவிட்டால் இன்னொரு நாலு வருஷம் டெம்பரரி.

"எத்தன நேரம் ஓடுது?" என்றேன்.

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பாத்தேன் சித்தப்பா. அஞ்சு எண்ணுறதுக்குள்ள நின்னுருது."

"யாரு தொட்டது?"

"யாரும் தொடல."

அதே பாட்டு. பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

2. சாமான் வேறு, ஆயுதம் வேறு

என் கருவிகள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. ஸ்க்ரூ டிரைவர் செட், மீட்டர், சால்டரிங் அயர்ன், தூசி ஊதுகிற பேட்டரி ப்ளோயர், எல்லாவற்றுக்கும் மேலே என் செல்லப் பிள்ளையான சின்ன கார்ட்லெஸ் ஸ்க்ரூ டிரைவர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டு கதம்பம். குனிந்து பையை இழுத்தேன். என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, என்ன செய்யுதிய? சாமிக்கு வச்சத நாளைக்கு காலைலதான் எடுக்கணும்."

"அந்தப் பிள்ளைக்கு எக்ஸாமுட்டி. மிஷின் நின்னுபோச்சாம்."

"போயிட்டு வாங்க. போவாதீங்கன்னு யாரு சொன்னா? ஆயுதத்த எடுக்காதீங்க."

"அப்போ நகத்தால ஸ்க்ரூ கழட்டவா?"

"அது எனக்குத் தெரியாது. போன வருஷம் பூஜையன்னைக்கு அந்த மீட்டர எடுத்திய. மறுநாளே கீழ விழுந்து ஒடஞ்சுது. மறந்துட்டியளா?"

மீட்டர் உடைந்ததற்குக் காரணம் நான் கை தவறிப் போட்டது. அதைச் சொன்னால் பேச்சு வளரும். ஸ்பேர் எஸ்.எம்.பி.எஸ்ஸும், அதாவது மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பாவும், ரெண்டு மெமரி ராமும் அலமாரியில் இருந்தன. அவற்றை எடுக்கலாமா என்று கேட்டேன். செல்வி அலமாரியை எட்டிப் பார்த்தாள்.

"அது விக்கிற சாமான்தான? பொட்டு வைக்கலியே. எடுத்துக்காங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

சாமான் கிடைத்தது, ஆயுதம் கிடைக்கவில்லை. எங்கள் சந்தில் யாரிடம் போய்க் கேட்பது? வெல்டிங்காரர், எலக்ட்ரீசியன், தையல் மிஷின் ரிப்பேர்க்காரர், எல்லோரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். எல்லோர் வீட்டிலும் கருவிகள் கதம்பத்துக்குள் கிடக்கின்றன. ஆறுமுகம் அண்ணாச்சி பட்டறையில் மட்டும் நூறு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அத்தனைக்கும் பொட்டு. ஒரு ஊரே ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற முடியாத நாள் அது.

அப்போதுதான் ராம்பிரசாத் ஞாபகம் வந்தது. மெயின் ரோட்டில் கார்பென்டர், உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர்களுக்கு விஸ்வகர்மா பூஜை போன மாதமே முடிந்துவிட்டது. அன்றைக்கு அவர் ஆணி அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அரே முத்து பாய், லே ஜாவோ, லே ஜாவோ" என்று உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன். ஆனால் அவர் கொடுத்தது பதினெட்டு வோல்ட் கார்ட்லெஸ் டிரில். கதவுக்குக் கீல் அடிக்கிற சாமான். தூக்கினால் கை இறங்குகிறது. கீழே பேட்டரியில் நாலு லைட்டில் ஒன்றுதான் எரிந்தது.

"வேற பேட்டரி இல்லையா?" என்று இந்தியில் கேட்டேன். இன்னொன்று இருக்கிறதாம், ஆனால் சார்ஜரோடு முலுண்ட் சைட்டில் இருக்கிறதாம். என் ப்ளோயர் பேட்டரி வீட்டில் ஃபுல் சார்ஜில் இருக்கிறது. ஆனால் அது வேறு கம்பெனி, இதில் மாட்டாது. ஒரே வோல்ட், ஒரே அளவு, உள்ளே இருக்கும் செல்லும் ஒன்றுதான். மாட்டுகிற காடியை மட்டும் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி வெட்டி வைத்திருக்கிறான். இதை யோசித்தவன் என் கையில் கிடைத்தால் அன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

3. ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ

பன்னிரண்டு ஐந்துக்கு மகேஸ்வரி வீட்டு ஏணிப்படி ஏறினேன். அவள் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மேஜையில் மானிட்டர், கீழே சி.பி.யு. இரண்டுக்கும் மாலை. அன்றைக்கு எக்ஸாம் என்பதால் சி.பி.யுவுக்குத் தனிக் கவனிப்பு. மேலே வாழைப்பழம், முன்பக்கம் பெரிய பெரிய சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

சுவர் ஸ்விட்ச்சைப் போட்டேன். மிஷின் தானாக உறுமிக்கொண்டு எழுந்தது. ஃபேன் சுற்றியது. ஐந்து விநாடியில் பொத்தென்று அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி ஐந்து.

"இத எவன் தொட்டது?" என்று ஆரம்பித்தேன். "நெசத்தச் சொல்லு. தண்ணி ஊத்துனியளா? பட்டறைல இருக்க ப்ளோயரக் கொண்டாந்து ஊதுனியளா? தானா ஒரு மிஷின் சாவுமா? மூளை இருக்கவன் எவனாவது எக்ஸாம் அன்னைக்கு மிஷினுக்கு அபிஷேகம் பண்ணுவானா?"

ஆறுமுகம் அண்ணாச்சி ஏணிப்படியில் பாதி ஏறி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். அறுபத்தாறு வயது. லேத்தில் நூல் பிசகாமல் கடைகிற கை. ஊரில் அவருக்கு மரியாதை உண்டு.

"வே முத்து, ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"செத்த சும்மா இரியும் அண்ணாச்சி. மணி என்ன ஆவுதுன்னு பாத்தியளா?"

தலை இறங்கிவிட்டது.

பின்பக்கம் தகரத்தைப் பிடித்திருப்பது ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. என் சின்ன கார்ட்லெஸ் இருந்தால் மூச்சு விடுவதற்குள் கழன்றுவிடும். ராம்பிரசாத்தின் டிரில்லை வைத்து அழுத்தினேன். முதல் ஸ்க்ரூ கழன்ற வேகத்தில் பறந்து பீரோவுக்கு அடியில் போனது. போகட்டும். இரண்டாவதில் வைத்து அழுத்தினேன். கரகரவென்று ஒரு சத்தம். டிரில் முனையில் இருக்கும் பிட் வழுக்கி, ஸ்க்ரூவின் தலை வழவழவென்று ஆகிவிட்டது. கார்பென்டர் மரத்தில் அடிப்பதற்காக முழு வேகத்தில் வைத்திருக்கிறார். முன்னால் இருக்கும் வளையத்தைத் திருப்பிக் குறைத்திருக்க வேண்டும். இதை நூறு பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவசரத்தில் நானே பார்க்கவில்லை.

ஒரு ரப்பர் பேண்டை ஸ்க்ரூவுக்கும் பிட்டுக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். பிட் ஒரு சுற்று பிடித்தது, ரப்பர் அறுந்தது. இன்னொரு ரப்பர் பேண்டு. அதுவும் அறுந்தது. இதற்குள் டிரில் சத்தம் கேட்டுச் சந்தே கூடிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் கர்ட்டன் ராடைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து ஏணிப்படிக்குக் கீழே நின்றார்.

"முத்தண்ணே, டிரில் வச்சிருக்கியளாமே. ஒரே ஒரு ஓட்டை. ரெண்டு நிமிஷம்."

"இங்க ஒரு பிள்ளையோட பொழப்பு போய்க்கிட்டு இருக்கு. ஓட்டையாம் ஓட்டை! போயிரும் அந்தப் பக்கம்!"

"கோவப்படுதியளே. முடிஞ்ச பொறவு சொல்லுங்க. நான் நிக்கேன்."

அவருக்குப் பின்னால் ஒரு அம்மா முருகன் படத்தோடு நின்றாள். நான் கம்ப்யூட்டர் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷத்தில் கம்ப்யூட்டருக்குப் போட்ட ஸ்க்ரூவை விட மற்றவன் சுவரில் போட்ட ஓட்டைதான் ஜாஸ்தியாக இருக்கும். டிரில்லை மறுபடி அழுத்தினேன். அது முனகியது, பிறகு நின்றது. அந்த ஒற்றை லைட்டும் போய்விட்டது.

"பேட்டரி காலி!" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.

"அப்போ சார்ஜ் போடுங்கண்ணே" என்றார் கர்ட்டன் ராடுக்காரர்.

சார்ஜர் முலுண்டில் இருக்கிறது என்று அவரிடம் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டிரில்லைக் கட்டிலில் எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து வளைத்தேன். விரலில் கீறி ரத்தம் வந்தது. ஒரு பக்கத்தை ஸ்க்ரூ பிடித்துக்கொண்டே இருக்க, மறுபக்கத்தை மடக்கிப் பிய்த்தேன். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூவுக்கு ஒரு மணி நேரம். மணி ஒன்று பத்து.

ஆறுமுகம் அண்ணாச்சி மறுபடி வந்தார். கையில் மோர் டம்ளர். "இதக் குடிச்சிட்டு, நான் சொல்லுறதக் கொஞ்சம்..." என்றார்.

"மோரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒங்க லேத்து கிட்ட நான் வந்து புத்தி சொன்னேனா? என் வேலைய நான் பாக்கேன்" என்றேன். அதுவும் அவர் மருமகள் முன்னால். அவர் டம்ளரை வாசல் ஓரமாக வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

4. கொண்டை ஊசி

ராமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டேன். ஐந்து விநாடி. ஸ்பேர் ராம் போட்டேன். ஐந்து விநாடி. எஸ்.எம்.பி.எஸ் வயரை எல்லாம் பிடுங்கிவிட்டு, ஸ்பேரை மேஜை மேலேயே வைத்து மாட்டினேன். ஐந்து விநாடி. அப்படியானால் மதர்போர்டுதான் போய்விட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. மகேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஹால் டிக்கெட்டின் மூலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னா சொல்லிருங்க சித்தப்பா" என்றாள். "ஷிப்ட்டுல இருக்க அவுகளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிருதேன்."

"பேசாம இரு" என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

கடைசியாக ஒன்று பாக்கி. போர்டில் இருக்கும் சின்னப் பொத்தான் பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது. முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்கள் கைக்கு இடைஞ்சலாக இருந்தன. அவற்றைப் பிடுங்கி ஓரம் தள்ளினேன். பேட்டரியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டேன். சுவர் ஸ்விட்ச்சைத் தட்டினேன்.

ஒன்றும் இல்லை. அந்த ஐந்து விநாடிகூட ஓடவில்லை. பொணம் மாதிரி கிடந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரமும் சுவர் ஸ்விட்ச்சைப் போட்டதும் மிஷின் தானாகக் கிளம்பியது. பட்டனை நானும் அமுக்கவில்லை, அவளும் அமுக்கவில்லை. சில மிஷினில் அப்படி செட்டிங் இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். இப்போது பட்டன் வயரைப் பிடுங்கியதும் கிளம்பவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரமும் அந்தப் பட்டனை யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பவர் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் எந்தக் கம்ப்யூட்டரும் நாலைந்து விநாடியில் அணைந்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஒரு கொண்டை ஊசி குடு" என்றேன்.

தலையிலிருந்து உருவிக் கொடுத்தாள். போர்டில் பட்டன் வயர் இருந்த இரண்டு கம்பி முனைகளையும், பட்டனுக்குப் பதிலாக, ஊசியால் ஒரு தொடு தொட்டு எடுத்தேன். ஃபேன் சுற்றியது. ஐந்து. பத்து. இருபது. நிற்கவில்லை.

குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தேன். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து கல்லாகி, பவர் பட்டனுக்கு நேர் மேலே. பட்டன் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இவ்வளவு நேரம் அது என் முழங்காலுக்கு நேராகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிற வீட்டில் ஒரு பொட்டை யார் பார்ப்பார்கள்? கால் பட்டுக் கலைந்துவிடக் கூடாதே என்று நானே காலை ஒதுக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன்!

மணி ஒன்று ஐம்பத்திரண்டு. மகேஸ்வரி நாற்காலியில் பாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் வந்தது டிஸ்க் செக். இருபது தடவை பொத்துப் பொத்தென்று அணைந்த மிஷின் அல்லவா, டிஸ்க்கைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன் என்று உட்கார்ந்துவிட்டது. அதை நிறுத்தினால் இருப்பதும் போகும். பத்து சதவீதம். பதினொன்று. என் ஆயுசில் எந்த எண்ணையும் நான் அப்படி முறைத்துப் பார்த்ததில்லை. இரண்டு அடித்தது. லேட்டாக வருகிறவர்களுக்குக் கால் மணி நேரம் கதவு திறந்திருக்கும், அதற்குமேல் மூடிவிடும் என்றாள். இரண்டு பன்னிரண்டுக்கு அவள் முகம் கேமராவில் வந்தது. நான் தவழ்ந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

5. சத்தம் போடக் கூடாத இடத்தில்

ஏணிப்படியில் ஆறுமுகம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். சந்து அமைதியாக இருந்தது. லேத் இல்லை, பிரஸ் இல்லை, வெல்டிங் இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த இரைச்சலில் கேமராவுக்குப் பின்னால் இருப்பவன் அவளை வெளியே தள்ளியிருப்பான். கர்ட்டன் ராடுக்காரர் வாயைத் திறக்கப் போனார். அண்ணாச்சி விரலை உதட்டில் வைத்து ஒரு பார்வை பார்த்தார். ராடுக்காரரும் முருகன் படத்துக்கார அம்மாவும் பூனை மாதிரிப் போய்விட்டார்கள்.

எனக்கு உள்ளே கொதித்தது. கத்த முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் எக்ஸாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரைக் கிசுகிசுத்துத் திட்டினேன்.

"பட்டன்ல போயி சந்தனத்த வைப்பாங்களா அண்ணாச்சி?"

அவரும் கிசுகிசுத்தார். "உயிரு எங்கன இருக்கோ அங்கனதான வே பொட்டு வைக்கணும். லேத்துக்கு நான் ஸ்விட்ச்சுலதான் வைக்கேன். இன்னைக்கு அவ எக்ஸாமாச்சே, நல்லா இருக்கட்டும்னு பெருசா வச்சேன். அழுத்தி வச்சிட்டேன் போல."

"பட்டன் உள்ள போனது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. காலைல அப்பவே ஒரு டிக் சத்தம் கேட்டுது. திரும்பி வரல. அது எனக்குக் கொஞ்சம் ஒறுத்துச்சு."

"பொறவு ஏன் சொல்லல? ரெண்டு மணி நேரம் அண்ணாச்சி! ரெண்டு மணி நேரம் நான் அங்க..."

"சொல்லத்தான் வந்தேன்" என்றார். "ரெண்டு தடவ வந்தேன். நீரு வந்ததும் வராததுமா எவன் தொட்டான், மூளை இருக்கான்னு கேட்டீரு. அந்தப் பிள்ள என்னய அப்பாங்கிற மாதிரி பாக்கும். அது முன்னால நான்தான்னு எப்படி வே சொல்ல? மோரக் குடுத்துட்டு மெதுவா சொல்லலாம்னு வந்தேன். நீரு அதையும் விடல."

கத்த முடிந்திருந்தால் அப்போதும் கத்தி அவர் வாயை அடைத்திருப்பேன். கத்த முடியாததால்தான் அவர் முழுதாகச் சொல்லி முடித்தார். அவர் சொல்லச் சொல்ல, கிங்ஸ் சர்க்கிள் மாமாவும் இன்னும் எத்தனையோ பேரும் நினைவுக்கு வந்தார்கள். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்தேன். பொய் சொல்ல வைத்தவன் நான்தானே என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

மூன்றரைக்குக் கதவு திறந்தது. அண்ணாச்சி எழுந்து, "எப்படிம்மா?" என்றார்.

"நல்லா எழுதியிருக்கேன் மாமா" என்றாள் மகேஸ்வரி. சிரித்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பிய்த்த தகரத்தை ஒரு மாதிரி மூடி வைத்துவிட்டு, டிரில்லை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன். கிடைக்கவில்லை என்றாள். அழவில்லை.

"கடைசி பன்னெண்டு கேள்விய பாக்கவே நேரம் இல்ல சித்தப்பா. அதான். மாமாகிட்ட இதச் சொல்லிராதீங்க. சரியாப் படிக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். பொட்டு வச்சது அவுகன்னு எனக்குத் தெரியும். தெரியும்னு அவுகளுக்குத் தெரிய வேண்டாம். தாங்க மாட்டாவ."

"தப்பு ஒங்க மாமா மேல இல்ல மகேசு" என்றேன். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றேன். "அவரு பன்னெண்டு மணிக்கே சொல்ல வந்தாரு. நான்தான் வாய அடைச்சேன். அப்பவே கேட்டிருந்தா ஈரத் துணியால தொடச்சு, பன்னெண்டு பத்துக்கெல்லாம் சரியாயிருக்கும். ஒன் பன்னெண்டு கேள்விக்கும் நான்தான் காரணம்."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் ராம், எஸ்.எம்.பி.எஸ், வளையத்தில் வேகம் எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மிஷினைத் திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் மோர் குடியுங்கள். வீட்டில் யாராவது எதையோ சொல்ல வாய் எடுத்தால் அவர்களை முடிக்க விடுங்கள். பாதி ரிப்பேர் அதிலேயே முடிந்துவிடும். இதைக் கற்க எனக்கு இருபத்தெட்டு வருஷமும், ஒரு பெண்ணின் பெர்மனன்ட் வேலையும் செலவாகியிருக்கிறது.

போனில் மகேஸ்வரி கடைசியில் பேசினாள்.

"வேற ஒரு காலேஜ்ல அப்ளை பண்ணியிருக்கேன் சித்தப்பா. அதுவும் ஆன்லைன்தான். அன்னைக்குக் காலைலயே நீங்க வீட்டுக்கு வந்துரணும். ஆனா கத்தாம வரணும்."

"சரிம்மா" என்றேன். நான் சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.